ஐம்பதாயிரத்தில் ஒரு குரங்குப் பெடல்

"சைக்கிளுக்கு ஐம்பதாயிரமா? இன்னும் கொஞ்சம் போட்டா செகண்ட் ஹேண்ட்ல ஸ்கூட்டரே வாங்கிடலாமே!"

ரோடு பைக் வாங்கப் போகிறேன் என்று வீட்டில் வாய் திறந்த எல்லோருக்கும் இந்த வசனம் மனப்பாடம். ஆட்டுக்கிடாக் கொம்பு மாதிரி கீழே வளைந்த ஹேண்டில்பார், ஒல்லி டயர். ஸ்டாண்டு கிடையாது, கேரியர் கிடையாது, மட்கார்டு கிடையாது. ப்ளஸ் ஒன்னில் அரசாங்கம் விலையில்லாமல் கொடுக்கிற சைக்கிளில்கூட கேரியர் உண்டு. இதில் பெல்லைக்கூடத் தனியாக வாங்கி மாட்ட வேண்டும். ஆகவே வீட்டில் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

மாணவனுக்கு ஐம்பதாயிரம் என்பது சாதாரணக் காசு இல்லை. பார்ட் டைம் வேலையிலோ, உதவித்தொகையிலோ, அப்பா அம்மாவிடம் கெஞ்சியோ சேர்த்த காசு. அப்படி வாங்கிய சைக்கிள்கள் எத்தனை அபார்ட்மெண்ட் படிக்கட்டுகளுக்குக் கீழே காற்று இறங்கி, தூசி படிந்து நிற்கின்றன என்று ஒருநாள் எண்ணிப் பாருங்கள். நான் பார்த்தவரையில் அவற்றில் பல நல்ல சைக்கிள்கள்தான். ஓட்டுகிறவரின் உடம்புக்கும் அவர் ஓட்டும் சாலைக்கும் பொருந்தாமல் போனதுதான் கோளாறு.

அதனால் என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுத்தர பட்ஜெட்டில், அதாவது ஏறக்குறைய 40 முதல் 60 ஆயிரம் ரூபாயில் ரோடு பைக் தேடுகிறவர் முதலில் பார்க்க வேண்டியது அளவு. இரண்டாவது டயர். மூன்றாவது கியர் விகிதம். நான்காவது பிரேக். பிராண்ட், எடை, கியர் எண்ணிக்கை எல்லாம் இவற்றுக்குப் பின்னால்தான். கடைகளில் பேச்சு பெரும்பாலும் இதற்கு நேர் தலைகீழாக நடக்கிறது.

முதலில், உங்களுக்கு ரோடு பைக் வேண்டுமா?

வீட்டிலிருந்து காலேஜ் 4 கி.மீ. தூரம், முதுகில் புத்தகப் பை, வழியெல்லாம் தோண்டிப் போட்ட ரோடு, போகிற இடத்தில் பூட்டிவிட்டுப் போக நல்ல இடம் இல்லை என்றால் ரோடு பைக் வேண்டாம். நேர் ஹேண்டில் வைத்த ஹைப்ரிட் போதும். சாதாரண சைக்கிளே போதும் என்றாலும் தப்பில்லை.

ஞாயிறு விடிகாலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் வரை போய் வர ஆசை, ஒரே மூச்சில் 40, 60, 100 கி.மீ. ஓட்ட ஆசை என்றால்தான் இந்த வளைந்த ஹேண்டிலுக்கு அர்த்தம். அதில் கையை வைக்க மூன்று இடம் உண்டு: மேல் கம்பி, பிரேக் லீவரின் தலைப்பகுதி, கீழ் வளைவு. ஒரு இடம் வலித்தால் இன்னொரு இடம். எதிர்க்காற்று அடித்தால் கீழே குனிந்து கொள்ளலாம். நீண்ட தூரத்துக்கு இது பெரிய வசதி, நாலு கி.மீ.க்கு அனாவசியச் செலவு.

அளவு: இங்கேதான் குரங்குப் பெடல்

சின்ன வயதில் அப்பாவின் 22 இன்ச் சைக்கிளில் பாருக்குக் கீழே காலை விட்டுக் குரங்குப் பெடல் அடித்தவர்கள் நம்மில் நிறைய. அப்போது நமக்கு வேறு வழி இல்லை. ஆனால் ஐம்பதாயிரம் கொடுத்து, வளர்ந்தபிறகும் உடம்புக்குப் பொருந்தாத சைக்கிளை வாங்கி, எட்டி எட்டி ஹேண்டிலைப் பிடித்து ஓட்டுவது? அதுவும் குரங்குப் பெடல்தான். விலைதான் கூட.

என் விடுதி நண்பன் ஒருவனுக்கு இதுதான் நடந்தது. கடையில் அவன் அளவு கையிருப்பில் இல்லை. "ஒரு சைஸ் பெரிசுதான் சார், சீட்டை இறக்கிக்கலாம், பழகிடும்" என்று சொல்லி இருந்ததைத் தலையில் கட்டிவிட்டார்கள். பழகவில்லை. ஒரு மணி நேரம் ஓட்டினால் கழுத்து பிடித்துக்கொள்ளும், உள்ளங்கை மரத்துப்போகும். மூன்றே மாதத்தில் சைக்கிள் ஓட்டுவதையே விட்டுவிட்டான். தனக்கு உடம்பில் தெம்பில்லை என்றுதான் அவன் நினைத்துக் கொண்டிருந்தான். அதுதான் எனக்கு அதிக வருத்தம்.

அந்தக் கடைக்காரர் சொன்னதில் பாதி உண்மை உண்டு. சீட்டை ஏற்றலாம், இறக்கலாம். ஆனால் ஃபிரேமின் நீளத்தை யாராலும் மாற்ற முடியாது. ஹேண்டிலைப் பிடிக்கும் ஸ்டெம்மைச் சின்னதாக மாற்றினால் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் கிடைக்கும், அவ்வளவுதான்.

எனவே எந்த மாடலானாலும் அளவு அட்டவணையில் இரண்டு எண்களைத் தேடுங்கள். பெடல் சுற்றும் அச்சிலிருந்து ஹேண்டில் பொருந்தும் குழாயின் உச்சி வரை செங்குத்தாக எவ்வளவு உயரம் என்பது ஸ்டேக். அதே அச்சிலிருந்து படுக்கை வாட்டத்தில் எவ்வளவு தூரம் என்பது ரீச். ஸ்டேக்கை ரீச்சால் வகுத்து ஏறத்தாழ 1.5க்கு மேல் வந்தால் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரும் சைக்கிள். 1.45க்குக் கீழே போனால் பந்தயக்காரர் மாதிரி படுத்துக்கொண்டு ஓட்ட வேண்டும். முதல் ரோடு பைக் வாங்குகிறவருக்கு முதல் வகைதான் சரி. எண்டியூரன்ஸ் என்ற பெயரில் விற்பார்கள். பார்க்கப் பந்தயச் சைக்கிள் அளவுக்கு மிடுக்காக இருக்காது, ஆனால் நூறு கி.மீ. கழித்தும் உங்கள் கழுத்து திரும்பும்.

சீட் உயரத்துக்கு ஒரு சுலபமான கணக்கு உண்டு. செருப்பில்லாமல் சுவரோடு ஒட்டி நின்று, கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைக் கால்களுக்கு நடுவே சீட்டில் உட்காரும் அழுத்தத்தில் இறுக்கி, தரையிலிருந்து புத்தகத்தின் மேல் விளிம்பு வரை அளக்க வேண்டும். அதை 0.883ஆல் பெருக்கினால், பெடல் அச்சிலிருந்து சீட்டின் மேல்பகுதி வரை இருக்க வேண்டிய உயரம். 78 செ.மீ. என்றால் ஏறக்குறைய 69 செ.மீ. இது அமெரிக்க வீரர் கிரெக் லெமாண்ட் பிரபலப்படுத்திய கணக்கு. இதிலிருந்து ஒரு சென்டிமீட்டர் கூட்டிக் குறைத்துச் சரிசெய்து கொள்ளலாம்.

எடை என்னும் மாயை

லெமாண்ட் பெயர் வந்ததால் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 1989 டூர் டி பிரான்ஸின் கடைசி நாள். வெர்சாயிலிருந்து பாரிஸ் வரை 24.5 கி.மீ. தனி ஓட்டம். லெமாண்ட், லோரான் ஃபின்யோனை விட 50 விநாடி பின்தங்கி இருந்தார். முன்னால் கையை நீட்டிக் குறுக்கிப் பிடிக்கும் ஹேண்டில் கம்பிகளும், காற்றைக் கிழிக்கும் ஹெல்மெட்டுமாக வந்தார். ஃபின்யோன் சாதாரண ஹேண்டிலோடு, ஹெல்மெட் இல்லாமல், குதிரைவால் முடி பறக்க ஓட்டினார். மூன்று வாரப் போட்டியின் முடிவில் லெமாண்ட் 8 விநாடியில் ஜெயித்தார். அன்று அவர் உடம்பிலும் கால்களிலும் தெம்பு இருந்தது, சந்தேகமில்லை. ஆனால் சமதளத்தில் காற்றுதான் முதல் எதிரி, அந்தக் காற்றை அதிகம் தடுப்பது ஓட்டுகிறவரின் உடம்பு என்பதைச் சைக்கிள் உலகம் அன்று நன்றாகவே பார்த்துக்கொண்டது.

காற்றை வெல்லத் தேவையான சக்தி வேகத்தின் மூன்றாம் அடுக்கில் ஏறும். மணிக்கு 20 கி.மீ.யிலிருந்து 25க்குப் போனால் காற்றுக்கு மட்டும் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு சக்தி வேண்டும். அதனால் உடம்பு வலிக்காமல் ஒரு மணி நேரம் குனிந்திருக்க முடிகிற சைக்கிள்தான் வேகமான சைக்கிள். இதுவும் மறுபடி அளவில்தான் வந்து நிற்கிறது.

எடைக்கு வருவோம். "இது 11 கிலோ, அது 10 கிலோ, ஒரு கிலோ கம்மி சார்" என்பார்கள். அந்த ஒரு கிலோவுக்குப் பத்துப் பதினைந்தாயிரம் கூட ஆகலாம். உங்கள் எடை 65 கிலோ என்றால் மலை ஏறும்போது கால் தள்ளுவது 76 கிலோவையா 75 கிலோவையா என்பதுதான் கேள்வி. வித்தியாசம் 1.3 சதவீதம். ஒரு மணி நேர ஏற்றத்தில் முக்கால் நிமிடம் மிச்சம். சமதளத்தில் அதுவும் இல்லை. சர்வதேச சைக்கிள் சங்கமான யுசிஐ, 2000ஆம் ஆண்டு முதல் பந்தயச் சைக்கிள் 6.8 கிலோவுக்குக் குறையக் கூடாது என்று விதி வைத்திருக்கிறது. அந்த எல்லையை முட்டுவது அவர்கள் பிழைப்பு. நாம் காலை டிபனில் ஒரு பொங்கலைக் குறைத்தால் போதும் :-)

டயர்: சாலையோடு பேசுவது அதுதான்

ரோடு பைக் என்றாலே நூல் மாதிரி டயர் என்ற காலம் ஒன்று இருந்தது. 23 மி.மீ. டயரில் கல் போலக் காற்றடித்து ஓட்டினார்கள். இன்று பந்தயக்காரர்களே 28 மி.மீ.யும் அதற்கு மேலும் போடுகிறார்கள். காரணம் எளிது. ரோடு கண்ணாடி மாதிரி இருந்தால்தான் கல் போன்ற டயர் லாபம். மேடு பள்ளம் உள்ள ரோட்டில் அது ஒவ்வொரு சொரசொரப்புக்கும் துள்ளும், துள்ளலில் சக்தி வீணாகும். அகல டயரில் காற்றைக் குறைத்து வைக்கலாம், அது மேடு பள்ளத்தை விழுங்கிக்கொண்டு உருளும்.

நம்மூர் ரோட்டுக்கு 28 குறைந்தபட்சம், 32 கிடைத்தால் உத்தமம். 65 கிலோ ஆளுக்கு 28 டயரில் 70, 75 பிஎஸ்ஐ போதும். டயரின் மேல் பக்கத்தில் எழுதியிருக்கும் அதிகபட்ச அளவு வரை அடிக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஆனால் ரொம்பவும் குறைத்தால் பள்ளத்தில் இறங்கும்போது ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே ட்யூப் நசுங்கி, பாம்பு கடித்த மாதிரி இரண்டு ஓட்டை விழும்.

ஆகவே கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "இந்த ஃபிரேமில் எவ்வளவு அகல டயர் நுழையும்?" 25க்கு மேல் நுழையாது என்றால் எனக்கு அந்த சைக்கிள் வேண்டாம்.

கூடவே இன்னொரு நடைமுறைச் சிக்கல். இந்த டயர்களில் பெரும்பாலும் பிரெஸ்டா வால்வு இருக்கும். ஒல்லியாக, நுனியில் குட்டித் திருகோடு வரும். தெருமுனை பஞ்சர் கடைப் பம்பு இதற்குப் பொருந்தாது. சின்னப் பித்தளை அடாப்டர் ஒன்று வாங்கி எப்போதும் பையில் வையுங்கள். விலையில் இதைவிடச் சின்ன, பயனில் இதைவிடப் பெரிய பொருள் ரோடு பைக்கில் வேறு கிடையாது.

கியர்: எத்தனை என்பதல்ல, எது என்பதே கேள்வி

"21 கியர் சார்!" என்று விற்கிறார்கள். முன்னால் 3 பல்சக்கரம், பின்னால் 7. பெருக்கினால் 21. நல்ல ரோடு பைக்கில் 2க்கு 8, மொத்தம் 16தான் இருக்கும். பார்க்க வேண்டியது மிக இலகுவான கியர் எது என்பதை.

முன்னால் 34 பல், பின்னால் 32 பல் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பெடல் சுற்றுக்குச் சக்கரம் 1.06 சுற்று, அதாவது 2.2 மீட்டர் சொச்சம். மணிக்கு 8 கி.மீ. வேகத்தில் ஏறினால் நிமிடத்துக்கு 60 முறை மிதிக்க வேண்டும். மூச்சு வாங்கும், ஆனால் முடியும். பழைய பந்தயச் சைக்கிளில் முன்னால் 39, பின்னால் 25 இருக்கும். அதே வேகத்துக்கு நிமிடத்துக்கு 41 மிதி. குறைவுதானே என்று தோன்றும். ஆனால் ஒவ்வொரு மிதியிலும் முழங்கால் பிய்ந்துவிடும். 14 கொண்டை ஊசி வளைவுள்ள ஏலகிரியிலேயே இது புரியும், 70 வளைவுள்ள கொல்லிமலையில் கேட்கவே வேண்டாம்.

இந்த பட்ஜெட்டில் அதிகம் பார்க்கப்போவது ஷிமானோ. கீழிருந்து மேலாக டூர்னி (7), கிளாரிஸ் (8), சோரா (9), டியாக்ரா (10), அதற்கு மேல் 105. அடைப்புக்குள் இருப்பது பின்சக்கரக் கியர் எண்ணிக்கை. ஷிமானோ 2023ல் க்யூஸ் என்ற புது வரிசையைக் கொண்டுவந்தது. அதைப் பழைய வரிசைகளோடு கலந்து மாட்ட முடியாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

என் கருத்து: கிளாரிஸ் போதும். அதற்குக் கீழே போகாதீர்கள். காரணம் இரண்டு. ஒன்று, பிரேக்கும் கியரும் ஒரே லீவரில் இருக்கும், டிராஃபிக்கில் கையை எடுக்காமல் கியர் மாற்றலாம். மலிவு சைக்கிள்களில் கியர் திருகி ஹேண்டிலின் நடுப்பகுதியில் இருக்கும். பஸ் ஒன்று உரசிக்கொண்டு போகும் நேரத்தில் பிரேக்கிலிருந்து கையை எடுக்க வேண்டி வரும். இரண்டு, 7 கியர் சைக்கிள்களில் பெரும்பாலும் மரையில் திருகும் ஃப்ரீவீல் இருக்கும். அதில் பேரிங் அச்சின் நுனியிலிருந்து தள்ளி உட்காருவதால் பள்ளங்களில் அச்சு வளைய வாய்ப்பு அதிகம். 8 கியரில் வரும் கேசட் வகையில் அந்தத் தொல்லை குறைவு. அதே ஹப்பில் பின்னால் 9, 10 கியர் கேசட்டும் பொருந்தும்.

"இன்னும் ஒரு வருஷம் காசு சேர்த்து நேரா 105 வாங்குடா" என்று அறிவுரை சொல்கிறவர்கள் உண்டு. ஏற்கெனவே ஓட்டிக்கொண்டிருக்கிறவருக்கு அது நல்ல அறிவுரை. முதல் முறை வாங்குகிறவருக்கு அந்த ஒரு வருஷம் ஓட்டாமல் போன வருஷம். நீண்ட தூரக்காரர்கள் ஓட்டும் 200 கி.மீ. பிரெவேவுக்குக் கால அவகாசம் பதின்மூன்றரை மணி நேரம். டீ குடிக்க நிற்பதெல்லாம் சேர்த்து சராசரி மணிக்கு 15 கி.மீ.கூட இல்லை. அதற்குக் கிளாரிஸ் தாராளம்.

பிரேக்கும் பிராண்டும்

டிஸ்க் பிரேக் என்றால் உயர்வு, ரிம் பிரேக் என்றால் தாழ்வு என்று ஒரு நினைப்பு இருக்கிறது. மழையில் டிஸ்க் நன்றாகப் பிடிக்கும், அகல டயருக்கும் இடம் விடும், உண்மை. ஆனால் விலையைக் குறைக்க ஏதோ ஒரு பெயரில்லா டிஸ்க்கை மாட்டிய சைக்கிளைவிட, நல்ல ரிம் பிரேக் மாட்டிய சைக்கிள் மேல். ரிம் பிரேக் கட்டை தேய்ந்தால் எந்த ஊரிலும் மாற்றிக்கொள்ளலாம். லீவரை இரண்டு விரலால் அழுத்திப் பாருங்கள். ஹேண்டில் வரை வந்து ஒட்டினால் சரிசெய்யச் சொல்லுங்கள், சரியாகாவிட்டால் நகர்ந்துவிடுங்கள்.

பிராண்ட் பற்றி ஒரு வரி. தைவானின் ஜயண்டும் மெரிடாவும் இரண்டுமே 1972ல் தொடங்கியவை. சொந்தப் பெயரில் விற்பதோடு மற்ற பெரிய கம்பெனிகளுக்கும் செய்து கொடுத்து வளர்ந்தவை. அமெரிக்க ஸ்பெஷலைஸ்டில் மெரிடாவுக்குப் பங்கே உண்டு. எனவே ஸ்டிக்கருக்குக் காசு கொடுக்காதீர்கள். உங்கள் ஊரில் சர்வீஸ் செய்கிற, உதிரிபாகம் வரவழைத்துத் தருகிற கடை எந்தப் பிராண்டுக்கு இருக்கிறது என்பதைப் பாருங்கள்.

காசுக் கணக்கு

ஐம்பதாயிரம் இருந்தால் சைக்கிளுக்கு 40,000 மட்டும். மீதிப் பத்தாயிரத்தைத் தொடாதீர்கள். அதில் வாங்க வேண்டியவை: ஹெல்மெட், முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு, அளவுமானி உள்ள பம்பு, இரண்டு ட்யூப், டயர் கழற்றும் லீவர்கள், ஆலன் கீ செட், நல்ல பூட்டு. சைக்கிளில் ஹெல்மெட் போடாவிட்டால் போலீஸ் பிடிக்காது. தலை சட்டத்துக்காக அல்ல, நமக்காக.

2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கான ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. முன்பு வரியோடு 50,000 ஆன சைக்கிள், குறைப்பு முழுதாகக் கைக்கு வந்தால் 46,875. அந்த மூவாயிரத்துச் சொச்சத்தில் ஹெல்மெட்டும் பம்பும் வந்துவிடும். பில்லில் வரி எவ்வளவு போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள்.

செகண்ட் ஹேண்ட் வாங்குவது மாணவருக்கு நல்ல வழிதான், மேலே சொன்ன படிக்கட்டுச் சைக்கிள்கள் எல்லாம் அங்கேதான் வரும். அலுமினியம் அல்லது ஸ்டீல் ஃபிரேம் பாருங்கள். கார்பன் வேண்டாம், உள்ளே விரிசல் இருந்தால் வெளியே தெரியாது. குழாய்கள் சேரும் வெல்டிங் இடங்களில் பெயிண்ட் கோடு விட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு ஸ்கேலை எடுத்துச் செயினில் வையுங்கள். ஒரு பின்னின் நடுவிலிருந்து 24 கண்ணி தள்ளியுள்ள பின்னின் நடுவரை சரியாக 12 இன்ச் இருந்தால் செயின் புதுசு மாதிரி. பதினாறில் ஒரு பங்கு இன்ச் கூடியிருந்தால் செயின் மாற்ற வேண்டும். எட்டில் ஒரு பங்கு கூடியிருந்தால் பின் கியர்களும் தேய்ந்திருக்கும், அந்தச் செலவை விலையில் குறைத்துக் கேளுங்கள். அசல் பில் இல்லாத சைக்கிளை எவ்வளவு மலிவானாலும் வாங்காதீர்கள். அது யாரோ ஒரு மாணவனிடமிருந்து திருடிய சைக்கிளாகக்கூட இருக்கலாம்.

கடைசியாக ஒரு கணக்கு. வாரம் 60 கி.மீ. ஓட்டினால் வருஷத்துக்கு 3,000 கி.மீ. தாண்டும். ஐம்பதாயிரத்தை அதில் வகுத்தால் முதல் வருஷம் கிலோமீட்டருக்கு 17 ரூபாய் வரை. இரண்டாம் வருஷம் அது பாதி. ஐந்து வருஷம் ஓட்டினால் மூன்றரை ரூபாய்க்கும் கீழே. வாங்கி 100 கி.மீ. மட்டும் ஓட்டிவிட்டு நிறுத்தினால் கிலோமீட்டருக்கு 500 ரூபாய்! உலகத்திலேயே விலை உயர்ந்த சைக்கிள் கார்பனில் செய்ததல்ல, ஓட்டாமல் நிற்பதுதான்.

ஆகவே கடைக்குப் போகும்போது கையில் ஒரு இன்ச் டேப், மனதில் உங்கள் சீட் உயரம், ஸ்டேக், ரீச் எண்கள் இருக்கட்டும். குறைந்தது இருபது நிமிடம் ஓட்டிப் பார்க்கவிடாத கடையில் வாங்காதீர்கள். உங்கள் அளவு இல்லை என்றால், எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும், "அளவு வந்ததும் சொல்லுங்க அண்ணே" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிடுங்கள். இரண்டு வாரம் காத்திருப்பதால் மாமல்லபுரம் எங்கேயும் போய்விடாது.